உள்வீதியில் மூன்று மணி

இன்று காலை முதல் மணி அடிப்பதற்கு முன், வகுப்பில் எல்லோரும் நனைந்த கோட்டுகளைக் கழற்றி ரேடியேட்டரின் மேல் போட்டிருந்தார்கள். வெளியே நவம்பர் மழை. பனியாக விழுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாத மழை. சூட்டில் ஈரக் கம்பளி காய்கிற வாசம் அறை முழுக்கப் பரவியது. கொஞ்சம் ஆட்டு வாடை, கொஞ்சம் பழைய சோப்பு, ஓரத்தில் ஒரு கருகல். கணக்குப் புத்தகம் என் முன்னால் திறந்து கிடந்தது. மனத்தால் நான் பிரான்ஸில், தூர்னூவில், பழைய கிறிஸ்தவ மடத்துக் கோயிலுக்கு எதிரே இருந்த அந்தச் சின்ன விடுதியின் சாப்பாட்டு அறையில் இருந்தேன்.

அங்கேயும் ஒரு ரேடியேட்டர் இருந்தது, சன்னலுக்குக் கீழே, பழுப்பு வண்ணம் உரிந்து. அந்தக் கடைசி மாலை அதன்மேல் காய்ந்தது என் கோட்டு மட்டும்தான். உன்னுடையது நாற்காலியின் முதுகில் தொங்கியது. நனையவே இல்லை. அந்தக் காய்ந்த கோட்டைப் பார்த்து நான் உன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தேன். நீ பொய் சொல்கிறாய் என்ற முடிவு. எட்டு மாதம் அதை மாற்றவில்லை. நீ போன பிறகும் மாற்றவில்லை. போன சனிக்கிழமைதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதை உன்னிடம் சொல்லவே எழுதுகிறேன்.

நாம் சந்தித்தது இந்தக் குளிர்நாட்டுப் பள்ளியில், பத்தாம் வகுப்பில். பதிவேட்டில் நம் பெயர்களை வாசிக்க முயன்ற ஆசிரியர் இரண்டிலும் பாதியில் நின்றுபோய், நம்மைச் சகோதரிகள் என்று நினைத்து ஒரே மேசையில் உட்காரவைத்தார். நீ யாழ்ப்பாணம். நான் திருச்சி, அதிலும் ஸ்ரீரங்கம். நீ என் பக்கம் திரும்பி, "நீர் எங்கை இருக்கிறீர்?" என்று கேட்டாய். என் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறாய். என் காதில் 'நீர் எங்கே' என்பது மட்டும்தான் விழுந்தது. பாவம், தாகம் போலிருக்கிறது என்று நடைவழியில் இருந்த குடிநீர்க் குழாயைக் கையால் காட்டினேன். நீ எழுந்து கதவு வரை போய், அந்தக் குழாயை நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாய்.

"அதுக்குள்ளையோ இருக்கிறீர்?" என்றாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒரு மாதம் என்னை 'பைப்படி' என்றுதான் கூப்பிட்டாய். நான் உன்னை 'நீ' என்றேன், நீ என்னை 'நீர்' என்றாய். ராஜா வேஷம் போட்டவர் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்தேன். 'நீ' என்பதை உன் ஊரில் ஆட்டுக்குட்டிக்குச் சொல்வார்கள் என்று நீ சொன்னாய். அது உண்மையா என்று நான் கடைசிவரை விசாரிக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பிரெஞ்சுச் சொல் நோட்டில் மூன்று பத்தி போட்டோம். முதல் பத்தியில் பிரெஞ்சுச் சொல், அடுத்ததில் என் தமிழ், மூன்றாவதில் உன் தமிழ். சாயங்காலம், பின்னேரம். சீக்கிரம், கெதியா. அழகு, வடிவு. 'ஆறுதலா வாரும்' என்று நீ சொன்னால் மெதுவாக வா என்று பொருள் என்பதை எழுதிய நாளில் நான் அசந்துபோனேன். எங்கள் வீட்டில் ஆறுதல் என்பது துக்கத்துக்குப் போனால் சொல்வது. பக்கங்கள் மிச்சமாக வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? இருவருக்கும் ஒரே சொல் என்றால் எழுதத் தேவையில்லை. மரம், மழை, வீதி, கல், கோயில் எல்லாம் அந்த விதியில் வெளியே நின்றுவிட்டன.

பள்ளியில் மற்றவர்கள் யாரும் நம்மை மோசமாக நடத்தவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் தமிழில் முணுமுணுக்க, தமிழில் சிரிக்க எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. அந்த ஆளுக்கும் நான் ஒருத்திதான்.

பதினோராம் வகுப்பில், மார்ச் விடுமுறைக்குப் பிரான்ஸ் பயணம் என்று பிரெஞ்சு ஆசிரியை அறிவித்தபோது வகுப்பே கை தட்டியது. பாரிஸில் நான்கு நாள், பிறகு இரண்டு நாள் தூர்னூ என்ற சிற்றூர் என்றதும் கைதட்டல் நின்றது. எழுதும்போது கடைசியில் ஒரு 'எஸ்' உண்டு, சொல்லும்போது கிடையாது என்று அவர் விளக்கினார். ஆயிரம் ஆண்டுப் பழமையான மடம், ரோமானெஸ்க் கட்டடக்கலை என்றார். நம் வகுப்பு லின்டா மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் அன்று மாலையே நூலகத்துக்கு ஓடினேன். தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, படங்களை மெல்லிய தாளில் வரைந்தேன். அந்தக் கலைக்குப் பிரெஞ்சில் 'ரோமான்' என்று பெயர், நாவலுக்கும் அதே சொல்தான் என்று கண்டுபிடித்து உனக்குப் போன் செய்தேன். "அப்ப கல்லாலை கட்டின கதை எண்டு சொல்லும்," என்றாய். அதை நான் நோட்டின் அட்டையில் எழுதிவைத்தேன்.

உன் வீட்டில் அனுமதி கிடைக்க வெகுநாள் ஆயிற்று. மற்ற எல்லோரும் படிவத்தைக் கொடுத்த பிறகும் நீ கொடுக்கவில்லை. உன் அப்பா கண்டிப்பானவர் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி நாளில் கையெழுத்தோடு வந்தாய். "சரி வந்திட்டுது," என்றாய், அவ்வளவுதான்.

தூர்னூவில் ரயிலை விட்டு இறங்கியதும் தெரிந்தன அந்த இரண்டு கோபுரங்கள். கீழே சோன் ஆறு, மேலே வெளிர் கல். கோயிலின் முன்முகத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நுணுக்கமான சிற்பம் எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது ஒரு கோட்டைச் சுவர். அம்பு எய்யும் பிளவு மாதிரி ஒடுங்கிய சன்னல்கள், மேலே வரிசையாகச் சின்னச் சின்ன வளைவுகள், வேறு அலங்காரம் இல்லை. உள்ளே நுழைந்தால் முதலில் ஓர் இருட்டு மண்டபம். நான்கு பருத்த உருண்டைத் தூண்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் ஒன்றைக் கட்டிப்பிடிக்க முடியாது. நாம் முயன்று பார்த்தோம். என் விரல் நுனியும் உன் விரல் நுனியும் அந்தப் பக்கம் ஒன்றையொன்று தொடவில்லை.

அந்த இருட்டைத் தாண்டிக் கோயிலின் நடுப்பகுதிக்கு வந்ததும்தான் என் ஏமாற்றம் போனது. இளஞ்சிவப்புக் கல்லில் உயர உயரமான தூண்கள், சிற்பம் எதுவும் இல்லாமல், வெறும் உருண்டையாக. கூரை ஒரே நீளமாகப் போகாமல், பீப்பாய்களைக் குறுக்கே அடுக்கியது போல வளைவு வளைவாக நின்றது. ஒவ்வொரு வளைவின் ஓரத்திலும் சன்னல். அதனால் வெளிச்சம் மேலிருந்து அலை அலையாக இறங்கியது. நான் நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். நீ எதுவும் எழுதவில்லை. ஒவ்வொரு தூணாகப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாய்.

இந்த மடத்துத் துறவிகள் முதலில் கடலோரத் தீவு ஒன்றில் இருந்தவர்கள் என்று ஆசிரியை சொன்னார். கடற்கொள்ளையருக்குப் பயந்து, தங்கள் புனிதரின் எலும்புகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஓர் ஊரில் சில வருடம், இன்னோர் ஊரில் சில வருடம் என்று அலைந்து, கடைசியில் இங்கே இடம் கிடைத்தது. எனக்குக் கண் கலங்கியது. நீ என் காதருகே வந்து, "எங்கடை அம்மா இடியப்ப உரலைத் தூக்கிக்கொண்டு வந்தவ. ஒருத்தரும் கோயில் கட்டேல்லை," என்றாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் ஆசிரியை திரும்பிப் பார்த்தார்.

பக்கவாட்டில் மரத்தில் செய்த பழைய மாதா சிலை இருந்தது. மடியில் குழந்தை, நீண்ட முகம். அந்த ஊரில் 'பழுப்பு மாதா' என்றுதான் பெயராம். நீ அவளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கடை நிறம்தான். இவவை ஆர் உள்ளை விட்டது?" என்றாய்.

எனக்கு அவசரம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். நீயோ பின்தங்கிக்கொண்டே இருந்தாய். நுழைவிலிருந்த இருட்டு மண்டபத்துக்கு மேலே ஒரு பழைய வழிபாட்டு அறை உண்டு, குறுகிய படிகளில் ஏற வேண்டும். நீ வரவில்லை. பூமிக்கு அடியில் ஒரு நிலவறை, அதற்குள் ஆழமான கிணறு. அதற்கும் வரவில்லை, மேலே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். "இவ்வளவு தூரம் வந்துட்டு உட்காரவாடி வந்தே?" என்று கேட்டேன். "கல்லு எங்கையும் ஓடாது. நீர் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லும்," என்றாய். உனக்கு ஆர்வமில்லை என்று நினைத்தேன். உன் உதடு கொஞ்சம் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன். குளிர் என்று நினைத்தேன். கவனித்ததை எல்லாம் எழுதிவைக்கிற எனக்கு அதை எழுதத் தோன்றவில்லை.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் நீ நடந்தாய். பீடத்துக்குப் பின்னால் கோயில் அரைவட்டமாக வளைகிறது. அந்த வளைவோடு ஒரு நடை சுற்றிப் போகிறது. ஒரு பக்கம் பீடத்தைச் சூழ்ந்த தூண்கள், மறு பக்கம் சின்னச் சின்ன வழிபாட்டு அறைகள். நீ அதை இடமிருந்து வலமாக, ஆறுதலாக, மூன்று முறை சுற்றினாய். நான் ஒரு தூணில் சாய்ந்து, ஆசிரியை சொன்ன பிரெஞ்சுப் பெயரை எழுதினேன். என் பத்தியில் 'பிரகாரம்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன். உன் பத்தியை வெறுமையாக விட்டேன். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

வெளியே வந்ததும் ஆசிரியை பழைய மதிலைக் காட்டினார். அந்தக் காலத்தில் மடத்தைச் சுற்றிப் பெரிய மதில் இருந்ததாம், சில துண்டுகளும் வாசற்கோபுரங்களும் இன்னும் நின்றன. மதிலுக்கு உள்ளே ஒரு தெரு, வெளியே ஒரு தெரு. உள்தெருவில் வீடுகள், ரொட்டிக் கடை, ஒரு பூனை. எனக்கு உடனே ஸ்ரீரங்கம் நினைவு வந்தது. எங்கள் ஊரில் கோயில் மதிலுக்குள்ளேயே வீதிகள் உண்டு. அங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். நானே அப்படி ஒரு வீதியில்தான் பத்து வயது வரை விளையாடினேன்.

மறுநாள் காலை, ரொட்டியும் ஜாமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நீ என் பக்கம் குனிந்தாய். அன்று பிற்பகல் எல்லோருக்கும் விருப்பம்போல் சுற்ற விட்டிருந்தார்கள்.

"பின்னேரம் மூண்டு மணிக்கு உள்வீதியிலை நில்லும். தனிய வாரும். ஒரு விசயம் கதைக்கோணும்."

என் வாயில் ரொட்டி. தலையை ஆட்டினேன். உள்வீதி எது என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருந்தது? வீதி என்பது நம் இருவருக்கும் ஒரே சொல். மதிலுக்கு உள்ளே இருந்தது ஒரே ஒரு தெரு.

மூன்று மணிக்கு முன்பே போய் நின்றேன். என்ன விஷயமாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். உன் அப்பா வேறு ஊருக்கு மாற்றலாகிறாரோ, நீ என்னை விட்டுப் போகிறாயோ என்று ஒரு பயம் வந்தது. மூன்றரை ஆயிற்று. மணிக்கூண்டு நான்கு அடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. நான் போன நேரத்தில் நீ வந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கோயிலுக்குள் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வீதியில் நிற்கச் சொன்னவளைக் கோயிலுக்குள் எதற்குத் தேட வேண்டும்? ஐந்தே காலுக்கு லின்டா கடைப் பைகளோடு அந்த வழியாக வந்தாள். அவள் குடைக்குள் இழுத்துக்கொண்டாள். ஏதோ பகடி சொன்னாள், எனக்கு அழுகை வராமல் இருக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் இருவரும் விடுதிக்குள் நுழைந்தோம்.

நீ ஏற்கெனவே அங்கே இருந்தாய். முன்னால் சூப்புக் கிண்ணம், தலைமுடியில் ஒரு துளி ஈரம் இல்லை. கோட்டு நாற்காலியில், நனையாமல். நீ எங்களைப் பார்த்தாய். என் நனைந்த கோட்டையும், லின்டாவின் பைகளையும், சிரித்துக்கொண்டிருந்த என் வாயையும் பார்த்திருப்பாய். பிறகு சூப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டாய்.

பேசியது மறுநாள் ரயிலில்தான். லியோனை நோக்கிப் போகும்போது, சன்னலைப் பார்த்தபடி நீயே ஆரம்பித்தாய்.

"நேற்று நீர் வரேல்லை, என்ன?"

"வந்தேன். ரெண்டு மணி நேரம் நின்னேன். நீதான் வரல."

"நானும் அங்கைதான் நிண்டனான்."

"எங்கே, உள்வீதியிலேயா?"

"ஓம். உள்வீதியிலைதான். ஒரு சனம் இல்லை."

"பொய் சொல்லாதே. நான் முழுக்க நனைஞ்சுட்டேன், உன் கோட்டு காய்ஞ்சிருந்தது."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபம்கூட இல்லை, ஏதோ தெரியாத மொழியில் பேசியவளைப் பார்ப்பது போல. "சரி, விடும்," என்றாய். அதன்பிறகு சோன் ஆறு நம் கூடவே வந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு போனோம்.

எத்தனை முறை அந்தப் பேச்சை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சண்டை போட்டிருந்தால்கூட விடை கிடைத்திருக்கும். எந்த இடம், எந்தக் கதவு, பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்ட ஒரே கேள்வி 'உள்வீதியிலேயா' என்பது. நீ ஓம் என்றாய். இருவருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வந்தது ஒருத்தியின்மேல் ஒருத்திக்கு.

ஊர் திரும்பியதும் நான் வேறு மேசைக்கு மாறினேன். ஆசிரியை காரணம் கேட்டதற்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்றேன். அதுதான் நான் சொன்ன பொய். சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைத் திறந்துவைத்து ஒரே பக்கத்தைப் படித்தேன். நீ மூன்று மேசை தள்ளி, உன் அம்மா கட்டிக்கொடுத்ததைப் பாதி சாப்பிட்டு மூடிவைப்பது தெரியும். அம்மா கேட்டபோது, "அவ பொய் சொல்றாம்மா, அப்படிப்பட்டவகிட்ட எனக்கென்ன பேச்சு," என்றேன். அந்த வாக்கியத்தை அப்படியே உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் அதை நான்தான் சொன்னேன்.

மே மாதத்திலிருந்து நீ பள்ளிக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். இரண்டு முறை உன் எண்ணைச் சுழற்றினேன். ஒருமுறை உன் அம்மா எடுத்து "ஹலோ, ஆர்?" என்றார். வைத்துவிட்டேன். ஜூனில், தேர்வுகளுக்கு முன்பு, அப்பாவுக்கு யாரோ போன் செய்து சொன்னார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் உன் இதயம் பழுதாகியிருந்தது, அதற்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள், நீ கண் திறக்கவில்லை. அப்பா போனை வைத்துவிட்டுச் சொன்னபோது என் கையில் சாம்பார் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உன் இறுதிச் சடங்குக்கு அம்மாவோடு வந்தேன். பின்வரிசையில் நின்றேன். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் மனத்தின் ஒரு மூலையில், அந்த நேரத்திலும், ஏன் என்னிடம் பொய் சொன்னாய் என்ற கேள்வி இருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் உன் அம்மா கூப்பிட்டார். உன் அறையை ஒழுங்குபடுத்துகிறாராம், என் புத்தகங்கள் சில இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். சனிக்கிழமை லாரன்ஸ் தெரு பஸ்ஸில் ஏறி, உன் வீடு இருக்கும் மோர்னிங்சைட் வந்தேன். நீ இருந்தபோது அந்தப் பஸ்ஸில் உன் வீடு வரை ஒரு பேச்சு முடியாது. இப்போது ஒவ்வொரு நிறுத்தமும் தனித்தனியாகத் தெரிந்தது. முன்பு பார்க்காத ஒரு செருப்புக் கடை, ஒரு பெட்ரோல் பங்க், மூடிய ஒரு பனிக்கூழ் வண்டி.

"வாங்கோ பிள்ளை, மெலிஞ்சு போனீங்கள்," என்றார் உன் அம்மா. தேநீர் தந்தார். உன் கட்டிலில் என் இரண்டு நூலகப் புத்தகங்களும், அவற்றுக்கு நடுவே நாலாக மடித்த ஒரு வரைபடத் தாளும் இருந்தன. பயணத்துக்குப் பிறகு பிரெஞ்சு வகுப்புக்கு ஏதாவது தயாரித்து வரச் சொன்னார்களே, அதற்கு நீ வரைந்தது. கொடுக்காமல் வைத்துவிட்டாய். பிரித்துப் பார்த்தேன். தூர்னூ கோயிலின் தளவரைபடம். ஒன்றுமே எழுதாமல் சுற்றிய நீ ஒரு தூணைக்கூட விடவில்லை. பெயர்களை எல்லாம் தமிழில் எழுதியிருந்தாய். வாசல். மண்டபம். மூலஸ்தானம். பழுப்பு மாதா. பீடத்தைச் சுற்றிப் போகும் அந்த வளைந்த நடையில், நடையின் வளைவுக்கு ஏற்ப எழுத்துகளையும் வளைத்து, 'உள்வீதி' என்று எழுதியிருந்தாய். கோயிலுக்கு வெளியே, சுவரைச் சுற்றி, 'வெளிவீதி'.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் நோட்டில் வெறுமையாகக் கிடந்த மூன்றாம் பத்தி அது.

"ஆன்ட்டி, உள்வீதின்னா கோயிலுக்கு உள்ளேயா?" என்று கேட்டேன். கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"ஓம் பிள்ளை. மூலஸ்தானத்தைச் சுத்திக் கும்பிடுற இடம். ஏன், நீங்கள் என்னெண்டு சொல்லுறது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மழை, ரொட்டிக் கடை, லின்டாவின் குடை, ரயில். எங்கள் ஊரில் மதிலுக்குள் வீடுகள் இருக்கும் வீதியைப் பற்றியும் சொன்னேன். முடிந்ததும் உன் அம்மா தேநீர்க் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

ஒப்பரேஷன் விஷயத்தை என்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நீ வைத்திருந்தாயாம். பள்ளிக்கூடத்துக்குச் சொன்னால் பயணத்துக்கு விடமாட்டார்கள் என்று வீட்டாரையும் சொல்ல விடவில்லை. அனுமதிப் படிவம் தாமதமானது அதனால்தான். டாக்டர் படியேறக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். நாலரை மணிவரை அந்தக் குளிர்ந்த நடையில் நின்றும் இருந்தும் பார்த்துவிட்டு, எதிரே இருந்த விடுதிக்குப் போயிருக்கிறாய். வாசலுக்கு வாசல் சில எட்டுத்தான். உன்னிடம் குடை இருந்தது.

"எம்மேல ரொம்பக் கோவமா இருந்தாளா?" என்று கேட்டேன்.

"முதல் ரெண்டு மூண்டு நாள் அழுதவள். பிறகு ஒரு நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை தானாச் சொன்னாள். 'அம்மா, அவள் பொய் சொல்லுற ஆள் இல்லை. எங்கையோ நிண்டுதான் இருக்கிறாள். சுகமாகி வந்து, எங்கை நிண்டனீர் எண்டு கேக்கோணும்' எண்டு." உன் அம்மா அந்த வரைபடத் தாளை மறுபடி நாலாக மடித்தார். பிறகு, "அவள் யோசிச்சுப் போட்டுத்தான் சொன்னவள்," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

நான்தான் புத்தகம் படிக்கிறவள், எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறவள் என்று நீ கேலி செய்வாய். ஆனால் நம் இருவரில் விஷயத்தைப் புரிந்துகொண்டவள் நீ. உன்னிடம் இருந்ததும் என்னிடம் இருந்த அளவு சாட்சிதான். என் ஈரக் கோட்டு, என் சிரிப்பு, வராமற்போன நான். இருந்தும் என்னை நம்ப ஒரு வழி தேடினாய், ஏப்ரலிலோ மேயிலோ, ஒரு தட்டுச் சோற்றின் முன்னால் உட்கார்ந்து. எனக்கு உன்னை நம்ப ஒரு வரைபடத் தாள் வேண்டியிருந்தது. அது கைக்கு வரும்போது நீ இல்லை. சொல் மாறிப்போனது நம் இருவரின் தவறும் இல்லை என்று உன் அம்மா சொன்னார். அது சரிதான். சொல் மாறியதைப் பற்றி எனக்கு இப்போது வருத்தம் அதிகம் இல்லை. நான் சுமந்துகொண்டிருப்பது அந்த மற்ற விஷயம். நீ எனக்குத் தந்ததை நான் உனக்குத் தரவில்லை.

பிரெஞ்சு வகுப்பில் இப்போது புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், போர்ச்சுகலிலிருந்து. நேற்று, மதியம் நூலகத்தில் இருப்பேன் என்று சொன்னாள். எந்த நூலகம், எந்த மேசை என்று நான் கேட்ட கேள்விகளில் அவள் பயந்துபோனாள். அவள் வரவும் இல்லை. கோபப்படாமல் மாலை வரை இருந்தேன். பழகிக்கொள்ள முயல்கிறேன்.

நீ கேட்க வைத்திருந்த கேள்விக்குப் பதில் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. மதிலுக்கு உள்ளே இருந்த தெருவில், ரொட்டிக் கடைக்கு எதிரே, மூடியிருந்த ஒரு பச்சைக் கதவின் படியில். கோயிலின் பின்சுவர் அங்கிருந்து தெரியும். அந்த வளைந்த சுவர்தான், நீ உள்பக்கம் நின்றது. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தேன். ஐந்தே கால் வரை அங்கேதான் நின்றேன்.